ரியோஹா ரெசெர்வா: எங்கிருந்து வருகிறது, எதனோடு குடிப்பது

ஸ்பெயினுக்குப் போய்வந்த நண்பர் உங்களுக்கு ஒரு புட்டி சிவப்பு ஒயின் கொடுத்திருக்கிறார். அதன் முகப்பில் 'ரியோஹா', 'ரெசெர்வா' என்று எழுதியிருக்கிறது. இது எந்தப் பகுதி ஒயின், ரெசெர்வா என்றால் உயர்ந்த தரம் என்று பொருளா, இன்னும் சில ஆண்டுகள் வைத்திருந்தால் மேலும் நன்றாகுமா, எந்தச் சாப்பாட்டோடு திறப்பது, நம் வீட்டுச் சமையல் ஒத்துப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் நேரடி விடைகள். வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளைந்த திராட்சை அது. ரெசெர்வா என்பது முதன்மையாக அந்த ஒயினின் வயதைச் சொல்கிறது. குடிப்பதற்கு இப்போதே பக்குவமாக இருக்கிறது. ஆட்டிறைச்சியோடு திறங்கள், மிளகாயைக் குறைத்துக்கொள்ளுங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் அடுத்த புட்டியை நீங்களே தேர்ந்துகொள்வீர்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ரியோஹாவில் சுவை, விலை, சாப்பாடு எல்லாவற்றையும் தீர்மானிப்பது காலம். பிரான்சின் போர்தோ பகுதியில் சிறந்த ஒயின்களை இளமையிலேயே விற்றுவிடுவார்கள். நிலவறையில் வைத்து ஆண்டுக்கணக்கில் காப்பது வாங்கியவர் பொறுப்பு. ரியோஹாவில் அந்தக் காத்திருப்பின் பெரும்பகுதியை ஒயின் செய்பவரே தன் செலவில் முடித்துத் தருகிறார். எவ்வளவு காலம் காத்தார் என்பதைப் புட்டியில் எழுதும் சொற்களைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. கிரியான்சா என்று எழுத, ஒயின் மொத்தம் 2 ஆண்டுகளாவது முதிர்ந்திருக்க வேண்டும். அதில் குறைந்தது 1 ஆண்டு ஓக் மரப் பீப்பாயில். ரெசெர்வாவுக்கு 3 ஆண்டுகள். பீப்பாயில் 1 ஆண்டாவது, புட்டியில் 6 மாதமாவது. கிரான் ரெசெர்வாவுக்கு 5 ஆண்டுகள். பீப்பாயில் 2, புட்டியில் 2 ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது. பீப்பாய் 225 லிட்டர் அளவுள்ளது. பீப்பாய் பெரிதாகப் பெரிதாக, ஒயினில் மரம் படும் பங்கு குறையும் என்பதால் இந்த அளவுக்கு முக்கியத்துவம் உண்டு.

புட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ரியோஹா ஒழுங்குமுறைக் கழகத்தின் எண்ணிட்ட சிறு முத்திரைச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். கிரியான்சாவுக்குச் சிவப்பு, ரெசெர்வாவுக்கு அடர்ந்த கருஞ்சிவப்பு, கிரான் ரெசெர்வாவுக்கு நீலம், இந்த வகைகளில் சேராத ஒயின்களுக்குப் பச்சை. கடையில் நிற்கும்போது ஸ்பானிய மொழி தெரியாதவருக்கு இதைவிட எளிய வழிகாட்டி கிடையாது.

சட்டம் கேட்பது குறைந்த அளவைத்தான். விரும்பினால் எவ்வளவு வேண்டுமானாலும் காத்திருக்கலாம். ஆரோ ஊரில் 1877-இல் தொடங்கிய லோபெஸ் தெ எரேதியா நிறுவனம், தன் வின்யா தொந்தோனியா தோட்டத்தின் ரெசெர்வாவையே சுமார் 6 ஆண்டுகள் பீப்பாயில் வைத்திருக்கிறது. தனக்கு வேண்டிய பீப்பாய்களைத் தன் பட்டறையிலேயே செய்துகொள்கிறது. ஒரே சொல்லைத் தாங்கிய இரண்டு புட்டிகள் முற்றிலும் வேறு முகம் காட்டுவது இதனால்தான். ஆகவே செய்தவர் பெயரையும் பாருங்கள்.

இனி அந்தப் பகுதி. எப்ரோ ஆற்றின் இரு கரைகளிலும், மேற்கே ஆரோவிலிருந்து கிழக்கே அல்ஃபாரோ வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் பள்ளத்தாக்கு இது. லா ரியோஹா மாநிலம், பாஸ்க் நாட்டின் ஆலவா மாவட்டம், நவார்ரா மாநிலம் ஆகிய மூன்றின் நிலமும் இதற்குள் வருகிறது. திராட்சைத் தோட்டங்களின் பரப்பு 60,000 ஹெக்டேருக்கு மேல். வடக்கே சியெர்ரா தெ கந்தாப்ரியா மலைத்தொடர் சாம்பல் நிறப் பாறைச் சுவராக எழுந்து நிற்கிறது. அதற்கு அப்பால் அட்லாண்டிக் கடலின் மழையும் குளிரும் நிறைந்த பச்சை நிலம். இப்பால் வெயில் அடிக்கும் திராட்சை நிலம். சில நாள்களில் மேகம் அந்த மலை முகட்டில் வந்து முட்டி, இந்தப் பக்கம் சரிந்து இறங்கும்போதே கரைந்துபோகும். மலை இல்லாவிட்டால் திராட்சை பழுக்குமுன் அழுகிவிடும். தெற்கே சியெர்ரா தெ லா தெமாந்தா இன்னொரு அரண்.

உள்ளே மூன்று பிரிவுகள். மேற்கில் ரியோஹா ஆல்தா, ஆற்றின் வடகரையில் பாஸ்க் நிலத்தில் ரியோஹா ஆலவேசா, கிழக்கில் ரியோஹா ஓரியெந்தால். முதல் இரண்டிலும் அட்லாண்டிக்கின் குளிர்ச்சி எட்டுகிறது. சுண்ணாம்பு கலந்த களிமண். பழம் மெதுவாகப் பழுத்துப் புளிப்பைத் தக்கவைத்துக்கொள்கிறது. கிழக்கே போகப்போக மத்தியதரைக் கடலின் வெப்பமும் வறட்சியும் கூடும். ஒயினில் மதுச்சத்தும் பழச்சுவையும் மிகும். ஆலவேசாவின் லகுவார்தியா மதில் சூழ்ந்த குன்றூர். தெருக்களுக்கு அடியில் வீட்டுக்கு வீடு பாறையைக் குடைந்து நிலவறைகள் எடுத்திருக்கிறார்கள். கோடையில் மேலே வெயில் கொளுத்தும்போதும் அங்கே குளிர் மாறாது.

ஒயின் இங்கே மிகப் பழைய பயிர்த்தொழில். ஸ்பானிய மொழியில் பெயர் தெரிந்த முதல் கவிஞராகக் கருதப்படும் கோன்சாலோ தெ பெர்சேயோ 13-ஆம் நூற்றாண்டில் இதே மண்ணில் வாழ்ந்தவர். தன் பாட்டுக்கு ஒரு கோப்பை நல்ல ஒயின் தகும் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அவர் குடித்த ஒயினுக்கும் உங்கள் கையிலிருக்கும் ரெசெர்வாவுக்கும் உறவு குறைவு. மரப் பீப்பாயில் முதிரவைக்கும் முறை ரியோஹாவில் வேரூன்றியது 19-ஆம் நூற்றாண்டில்தான். அதற்குமுன் லபஸ்தீதா ஊரைச் சேர்ந்த மனுவேல் கின்தானோ என்ற பாதிரியார் போர்தோவில் அந்த முறையைக் கற்றுவந்து 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்து பார்த்தார். செலவுக்கேற்ற விலை கிடைக்காமல் முயற்சி நின்றுபோயிற்று.

பின்னால் மார்கெஸ் தெ முர்ரியெத்தா என்று பெயர்பெற்ற லூசியானோ முர்ரியெத்தா 1852-இல் லோக்ரோன்யோ நகரில் போர்தோ முறையில் ஒயின் செய்தார். 1858-இல் எல்சியேகோ ஊரில் மார்கெஸ் தெ ரிஸ்கால் நிறுவனம் பிறந்தது. ஆலவா மாவட்ட ஆட்சி 1862-இல் ழான் பினோ என்ற பிரெஞ்சு ஒயின் வல்லுநரை வரவழைத்து உள்ளூர் விவசாயிகளுக்குக் கற்பிக்கச் சொன்னது. விவசாயிகளில் பெரும்பாலோர் பீப்பாய்ச் செலவுக்கு அஞ்சி ஒதுங்கினார்கள். ரிஸ்கால் அவரைத் தன்னிடம் அமர்த்திக்கொண்டது. அந்தப் புட்டிகள் 1895-இல் போர்தோ கண்காட்சியிலேயே மதிப்புச் சான்றிதழ் வாங்கின. கற்றுக்கொடுத்த ஊரிலேயே பரிசு பெற்றது எப்பேர்ப்பட்ட செய்தி!

இதற்கிடையில் பிரான்சில் பேரழிவு நடந்துகொண்டிருந்தது. முதலில் கொடியில் படரும் பூஞ்சை நோய், பிறகு 1860-களில் வேரைத் தின்னும் பிலோக்சரா பூச்சி. தோட்டங்கள் அழிந்ததும் போர்தோ வணிகர்கள் மலையைத் தாண்டி ரியோஹாவுக்கு வந்தார்கள். பில்பாவோ துறைமுகத்தையும் எப்ரோ பள்ளத்தாக்கையும் இணைத்த ரயில் பாதை 1863-இல் ஆரோவைத் தொட்டிருந்தது. ரயில் நிலையத்தைச் சுற்றியே ஒயின் கூடங்கள் எழுந்தன. பீப்பாயை உருட்டினால் ரயில் பெட்டி. லோபெஸ் தெ எரேதியாவைத் தொடர்ந்து 1879-இல் க்யூனே, 1890-இல் லா ரியோஹா ஆல்தா என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம். இன்றும் அந்த ரயில் நிலையப் பேட்டையில் சில நிமிட நடையில் நூறாண்டு கடந்த கூடங்கள் பலவற்றைப் பார்க்கலாம். அந்தச் செல்வத்தில் ஆரோ, ஸ்பெயினில் மிக முன்னதாகத் தெருவுக்கு மின்விளக்குப் போட்ட ஊர்களில் ஒன்றாயிற்று. 'ஆரோ வந்துவிட்டது, விளக்குகள் தெரிகின்றன' என்பது இன்றும் அந்தப் பக்கத்து வழக்கு. பூச்சி கடைசியில் ரியோஹாவையும் விடவில்லை; நூற்றாண்டு முடியும் தறுவாயில் வந்து சேர்ந்தது. அதற்குள் எதிர்ப்புச் சக்தியுள்ள அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுக்கட்டும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1925-இல் ரியோஹாவுக்குப் பிறப்பிடப் பெயர்க் காப்பு கிடைத்தது. 1991-இல் ஸ்பெயினின் மிக உயர்ந்த தகுதிநிலையை முதலில் பெற்ற பகுதியும் இதுவே.

திராட்சையைப் பொறுத்தவரை டெம்ப்ரனியோதான் அரசு நடத்துகிறது. சிவப்புத் திராட்சைப் பரப்பில் பெரும்பகுதி அதற்குரியது. சீக்கிரம் பழுக்கும் வகை, தோல் கனமானது, மணம் அடக்கமானது, மரத்தோடு நன்றாக இணங்கும். அதோடு கர்னாச்சா சேரும்போது வாயில் கனமும் இனிய வெம்மையும் வருகின்றன. மசுவேலோ புளிப்பையும் துவர்ப்பையும் தரும். கிராசியானோ என்று ஒரு நான்காம் வகை உண்டு. விளைச்சல் குறைவு, பழுக்கத் தாமதம், விவசாயிக்குத் தொல்லை. ஆனால் முதிரவைக்கும் ஒயினில் சிறு பங்கு கிராசியானோ இருந்தாலும் அதன் மணமும் உயிர்ப்பும் தனியாகத் தெரியும். பின்பக்கச் சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்தால் நான் அந்தப் புட்டியைத்தான் எடுப்பேன்.

மரத்தில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. பழைய ரியோஹா கூடங்கள் அமெரிக்க ஓக்கைப் பயன்படுத்தின. அந்த மரம் தேங்காயையும் வெனிலாவையும் நினைவூட்டும் இனிய மணத்தைத் தருகிறது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பலர் பிரெஞ்சு ஓக்குக்கு மாறினார்கள். அதில் கிராம்பு, சுட்ட மரம் போன்ற அடங்கிய வாசனை, பழம் முன்னால் நிற்கும், நிறமும் அடர்த்தி. இரண்டையும் கலப்பவர்களும் ஏராளம். எனக்கு அமெரிக்க ஓக்கில் நீண்டகாலம் கிடந்த ரியோஹா ஆல்தா ஒயின்தான் பிடிக்கும். அந்தச் சுவை உலகில் வேறெங்கும் கிடைக்காது என்பதால் சொல்கிறேன். பிரெஞ்சு ஓக்கில் வைத்த புதுவகை ரியோஹாக்களில் நல்லவை உண்டு. அவற்றுக்கு ஈடானவை வேறு நாடுகளிலும் கிடைக்கும்.

ரெசெர்வா உயர்ந்த தரமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நல்ல கூடம் தன் சிறந்த திராட்சையையே நீண்டகாலம் காக்கத் தேர்ந்தெடுக்கும். நோஞ்சான் ஒயின் 2 ஆண்டுப் பீப்பாய் வாசத்தைத் தாங்காது. அந்த வகையில் வயதுக்கும் தரத்துக்கும் தொடர்பு உண்டு. ஆனால் சட்டம் அளப்பது மாதங்களை மட்டும். திராட்சை எந்த ஊர், எந்தத் தோட்டம், எவ்வளவு வயதான கொடி என்பதை கிரியான்சா, ரெசெர்வா என்ற சொற்கள் சொல்வதில்லை. இதைச் சுட்டிக்காட்டிப் பல ஆண்டுகள் வாக்குவாதம் நடந்தது. அர்தாதி என்ற பெயர்பெற்ற ஆலவேசா கூடம் 2015-இன் இறுதியில் ரியோஹா பெயரையே துறந்து வெளியேறியது. அதன்பிறகு ஒழுங்குமுறைக் கழகம் ஊர்ப்பெயரைப் பெரிதாகப் போடவும், தனித் தோட்டத்து ஒயினுக்கு 'வின்யேதோ சிங்குலார்' என்ற தனிவகுப்பைத் தரவும் இசைந்தது. வெளியேறியவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஊர்ப்பெயர் மட்டும் இருக்கும் விலை உயர்ந்த ரியோஹாவைக் கண்டால் தாழ்ந்தது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

உங்கள் ரெசெர்வாவைக் கோப்பையில் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் மாணிக்கச் சிவப்பு, விளிம்பில் லேசான செங்கல் நிறம். முகர்ந்தால் உலர்ந்த செர்ரி, பிளம், வெனிலா, புகையிலை, கொஞ்சம் தோல். வாயில் வைத்தால் முதலில் மென்மை, பிறகு புளிப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தை இறுக்கும் துவர்ப்பு. பால் விடாத கடுந்தேநீரில் வருமே, அதே வகைத் துவர்ப்புதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் மரத்திலும் இருந்து வரும் டானின் என்ற பொருள், எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்து இறுக்குவதால் அந்த உலர்ச்சி தோன்றுகிறது. வாயில் இறைச்சியின் புரதமும் கொழுப்பும் இருந்தால் டானின் அவற்றையும் பிடித்துக்கொள்ளும். நாக்குக்கு மென்மையே மிஞ்சும். ஒயினின் புளிப்பு கொழுப்பின் வழவழப்பைக் கழுவிவிட்டு அடுத்த வாய்க்கு இடம் செய்யும். சாப்பாட்டுப் பொருத்தத்தின் பாதிக் கணக்கு இவ்வளவுதான்.

மீதிப் பாதியை ரியோஹாக்காரர்களின் அடுப்பில் பார்க்க வேண்டும். அவர்களுடைய பெருமைக்குரிய உணவு, திராட்சைச் சுள்ளியில் சுட்ட ஆட்டுக்குட்டியின் நெஞ்செலும்புத் துண்டுகள். குளிர்காலத்தில் கொடியைக் கவாத்து செய்யும்போது விழும் சுள்ளிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் காயவைத்திருப்பார்கள். அவை சட்டென்று பற்றி, உயரமாக எரிந்து, விரைவில் கடுஞ்சூடான தணலாகும். இளங்குட்டியின் சிறு துண்டுகளை இரட்டைக் கம்பிவலையில் அடுக்கி அந்தத் தணலில் சுட்டு, கல்லுப்பு மட்டும் தூவி, கையால் எடுத்துச் சாப்பிடுவார்கள். மசாலா, சாறு எதுவும் இல்லை. பக்கத்தில் சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாய் இருக்கும். ரெசெர்வாவுக்கு இதைவிடச் சிறந்த இணையை நான் அறியேன். ஓரத்தில் கருகிய கொழுப்பின் வாசனையும் பீப்பாயின் சுட்ட மர வாசனையும் கலந்து, இளம் இறைச்சியின் இனிமையை மேலே கொண்டுவருகின்றன. அதே கொடியில் பழுத்தது கோப்பையில், அதே கொடியின் சுள்ளி அடுப்பில்.

கிரியான்சாவுக்குரிய உணவு அன்றாடச் சாப்பாடு. 'பதாதாஸ் ஆ லா ரியோஹானா' என்ற உருளைக்கிழங்குக் குழம்பைச் சொல்லலாம். கிழங்கைக் கத்தியால் பாதிவரை வெட்டி, மீதியைக் கையால் திருகி உடைப்பார்கள். உடைந்த முகத்திலிருந்து மாவுச்சத்து கசிந்து குழம்பு தானாகக் கெட்டிப்படும். வெங்காயம், பூண்டு, பிரியாணி இலை, சொரிசோ என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சி, உலர்ந்த சிவப்பு மிளகாயின் சதை. இந்த மிளகாயைக் கவனியுங்கள். சொரிசேரோ என்ற இந்த வகையில் நிறமும் மணமும் உண்டு, உறைப்பு அநேகமாக இல்லை. ரியோஹா சமையல் முழுக்கச் சிவந்து தெரிந்தாலும் நாக்கை எரிப்பதில்லை. அதனால்தான் இங்கே எல்லாத் தட்டுக்கும் சிவப்பு ஒயின் இடம்பெறுகிறது. உப்பிட்ட காட் மீனைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பிறக்கி, தக்காளியும் சிவப்பு மிளகாயும் சேர்த்துச் செய்யும் 'பகலாவோ ஆ லா ரியோஹானா'வுக்கும் கிரியான்சாவையே ஊற்றுகிறார்கள். மீனுக்கு வெள்ளை ஒயின்தான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே மீனைவிடத் தக்காளி, மிளகாய்ச் சாறே முன்னால் நிற்பதால் வெள்ளை ஒயின் தோற்றுப்போகிறது, கிரியான்சா ஈடுகொடுக்கிறது.

லோக்ரோன்யோவில் லவுரெல் தெரு என்று ஒரு குறுகிய சந்து. வரிசையாகச் சிறு மதுக்கடைகள். பலவற்றுக்கும் தனித்தனிப் பெயர்போன சிறுதீனி ஒன்று உண்டு. அதில் காளானைத் தலைகீழாகக் கல்லில் வாட்டிப் பூண்டெண்ணெய் விட்டு, ரொட்டித் துண்டின்மேல் அடுக்கி, உச்சியில் ஓர் இறால் வைத்துக் கொடுப்பது புகழ்பெற்றது. ஒரு கடையில் ஒரு கடி, ஒரு சிறு கோப்பை, பிறகு அடுத்த கடை. இறைச்சி சாப்பிடாதவர்கள் இந்தக் காளானை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மண்வாசனையுள்ள காளானும் முதிர்ந்த டெம்ப்ரனியோவும் மிக நெருங்கிய உறவு.

கிரான் ரெசெர்வா விஷயத்தில்தான் பெரும்பாலோர் தவறான தட்டை முன்னால் வைக்கிறார்கள். விலை அதிகம், ஆகவே மிகக் கனமான உணவு வேண்டும் என்று எண்ணி, கெட்டிச் சாறூற்றிய மாட்டிறைச்சியைக் கொண்டுவருகிறார்கள். நடப்பது நேர்மாறு. 5 ஆண்டும் அதற்கு மேலும் காத்த ஒயினில் துவர்ப்பு கரைந்து மெலிந்திருக்கும், நிறம் வெளுத்திருக்கும், உலர்ந்த அத்தி, சருகு, பழைய மரப்பெட்டி போன்ற நுண்ணிய மணங்களே அதன் செல்வம். கனத்த சாறு அவற்றை மூடிவிடும். ஒயின் முதிர முதிரத் தட்டு எளிமையாக வேண்டும். உப்பும் அதன் சொந்தக் கொழுப்பும் மட்டும் பட்டு அடுப்பில் மெதுவாக வெந்த ஆட்டுக்குட்டி, கவுதாரி, வெண்ணெயில் வதக்கிய காளான், வயதான ஆட்டுப்பால் சீஸ் ஆகியவை போதும். பாஸ்க் மலைகளின் இதியாசாபால் என்ற செம்மறிப்பால் சீஸ், குறிப்பாகப் புகையூட்டியது, ரெசெர்வாவுக்கும் கிரான் ரெசெர்வாவுக்கும் நன்றாக அமையும். நீலப் பூஞ்சை சீஸ் வேண்டாம். அதன் உப்பும் காரமும் ஒயினைக் கசக்கவைக்கும்.

ஒத்துவராதவற்றில் இன்னும் இரண்டு. ரியோஹாவின் கிழக்கிலுள்ள கலஹோர்ரா பகுதியின் காய்கறிகள் ஸ்பெயின் முழுக்கப் பெயர்பெற்றவை. அவற்றில் ஆர்ட்டிசோக் சிவப்பு ஒயினுக்குப் பகை. அதிலுள்ள ஒரு பொருள், பின்னால் வாயில் படும் எதையும் தித்திப்பாக உணரச் செய்துவிடும். அஸ்பராகஸ் தண்டும் அப்படியே ஒயினில் உலோகச் சுவை ஏற்றும். இவற்றுக்கு அதே ரியோஹாவின் வெள்ளை ஒயினை எடுங்கள். சாக்லெட் கேக்கோடு ரெசெர்வா குடிப்பதும் வீண். இனிப்பு முன்னால் வந்தால் ஒயின் வெறும் புளிப்பாகிவிடும்.

இப்போது உங்கள் வீட்டுச் சமையல். மிளகாய்க் காரம் எரிச்சல். ரியோஹாவின் மதுச்சத்து 13.5 முதல் 14.5 சதவீதம் வரை வரும், அது அந்த எரிச்சலை மூட்டிவிடும். துவர்ப்பும் முரட்டுத்தனமாகத் தெரியும். ஆகவே மிளகாய் ஏறிய கறிக்குழம்பு, புளி தூக்கலான மீன்குழம்பு, ஊறுகாய் மூன்றையும் அன்றைக்கு ஒதுக்கி வையுங்கள். மிளகு வேறு, அதன் காரம் நாக்கில் நெடுநேரம் நிற்பதில்லை, பீப்பாயின் வாசனையோடும் சேரும். சின்ன வெங்காயமும் பூண்டும் நிறையப் போட்டு, மிளகும் உப்பும் மட்டும் சேர்த்து நல்லெண்ணெயில் சுருளச் சுருள வதக்கிய இளம் ஆட்டுக்கறி உங்கள் ரெசெர்வாவுக்குத் தக்க இணை. எலும்போடு இருந்தால் இன்னும் நல்லது. தேங்காய் அரைத்துவிட வேண்டாம். குழம்பாகிவிட்டால் ஒயின் பின்னால் போய்விடும், வறுவலாக இருக்கட்டும். சைவம் என்றால் மிளகுக் காளான் வறுவல் அல்லது தணலில் சுட்ட கத்தரிக்காய். காரம் குறைந்த பிரியாணிக்கு ரெசெர்வாவைவிட இளம் ரியோஹா பொருந்தும். ஆலவேசாவில் திராட்சையைக் காம்போடு முழுக்கொத்தாகப் புளிக்கவிட்டுச் செய்யும் இளம் ஒயின் ஒன்று உண்டு. துவர்ப்பு குறைவு, பழவாசனை அதிகம், சற்றுக் குளிரவைத்துக் குடிக்கலாம். மசாலா உணவுக்கு நான் முதலில் தேடுவது அதைத்தான்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பழைய விதி ஐரோப்பியக் கல்வீட்டின் அறையை மனத்தில் வைத்தது. ரெசெர்வாவுக்கு 16 முதல் 18 டிகிரி ஏற்றது. 30 டிகிரியைத் தாண்டும் அறையில் வைத்திருந்தால், திறப்பதற்கு முன் முக்கால் மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். சூடான ஒயினில் மதுவாடைதான் முந்தி நிற்கும். ரெசெர்வாவைத் திறந்து கோப்பையில் ஊற்றி ஒரு கால்மணி நேரம் விட்டால் மணம் விரியும். என்றாவது பழைய கிரான் ரெசெர்வா கிடைத்தால் முந்தின நாளே புட்டியை நிமிர்த்தி வைத்து, அடியில் வண்டல் தங்கிய பிறகு அசைக்காமல் ஊற்றுங்கள். அதை நெடுநேரம் காற்றில் விட்டால் மணம் பறந்துவிடும்.

இன்னும் சில ஆண்டுகள் வைத்திருக்கலாமா? இருட்டும் சீரான குளிர்ச்சியும் உள்ள இடமிருந்தால், நல்ல கூடத்தின் ரெசெர்வா பத்து ஆண்டுகள்கூடச் சிறப்பாக முதிரும். 1964 போன்ற பேராண்டின் புட்டிகள் அரை நூற்றாண்டு கடந்தும் உயிரோடிருந்திருக்கின்றன. அலமாரியில் கோடை வெப்பம் படும் வீட்டில் ஓரிரு ஆண்டிலேயே அது வெந்துபோன வாடை அடிக்கும். உங்களிடம் ஒயின் காக்கும் குளிர்பெட்டி இல்லையென்றால், வரும் மாதத்துக்குள் திறந்துவிடுங்கள். காத்திருப்பை ரியோஹாக்காரர் ஏற்கெனவே முடித்துத்தான் அனுப்பியிருக்கிறார். மிஞ்சினால் கார்க்கை அழுத்தி மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கும் மேல் போனால், ரியோஹாவில் செய்வதுபோலத் தோல்சீவிய பேரிக்காய்களைச் சர்க்கரை, பட்டை, எலுமிச்சைத் தோல் சேர்த்து அந்த ஒயினில் மெல்லிய தீயில் வேகவிட்டு, சாறு பாகுபோல் ஒட்டும்வரை சுண்டவைத்து ஆறவைத்துச் சாப்பிடலாம். உறுதியான, முழுதும் கனியாத பேரிக்காயாக எடுத்துக்கொள்ளுங்கள், கனிந்தது குழைந்துவிடும்.